நம்ம ஆளு எங்கே?

தலைப்பைப் பார்த்துட்டு கேன்டீன் காதல் கதைன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது டாங்கி கதை!

அமெரிக்க ராணுவத்தின் ஆப்ரம்ஸ் டாங்கி. அறுபது டன்னுக்கு மேல் எடை. 1,500 குதிரை சக்தி டர்பைன் இன்ஜின். இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற இன்னொரு டாங்கியை ஒரே குண்டில் காலி பண்ணுகிற பீரங்கி. இவ்வளவு இருந்தும், உள்ளே உட்கார்ந்திருக்கிற நாலு பேரை ரொம்ப வருஷமா படுத்தி எடுத்த கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: ‘நம்ம ஆளுங்க இப்ப எங்கே இருக்காங்க?’

சிரிக்காதீங்க பாஸ். ஹெல்மெட்டைப் பின்பக்கமா திருப்பி மாட்டிக்கிட்டு, அதுல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, அது வழியா பார்த்துக்கிட்டே ராத்திரி ஹைவேயில் பைக் ஓட்டினா எப்படி இருக்கும்? டாங்கிக்குள்ளே இருந்து உலகத்தைப் பார்க்கிறதும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெரிஸ்கோப்பில் துண்டு துண்டாத் தெரியுற காட்சி, காதைப் பிளக்கிற சத்தம், போதாக்குறைக்குப் புழுதி. தூரத்தில் அசையறது நம்ம வண்டியா, நம்மைச் சுட வர்ற வண்டியா? இந்தப் பரீட்சையில் தப்பா எழுதிட்டு அரியர் வெச்சுக்க முடியாது.

அந்தக் காலத்துக் கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். ‘டாங்க்’னு பேர் வந்ததே ஒரு டுபாக்கூர் வேலையால்தான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் இதை ரகசியமாகத் தயாரித்தபோது, தொழிற்சாலையில் ‘இது மெசபடோமியா பாலைவனத்துக்குப் போகிற தண்ணி டேங்க்’ என்று புளுகி வைத்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. (மெசபடோமியான்னா இன்றைய இராக். அந்தப் பாலைவனத்துக்குத்தான் இப்ப நாம போகப்போறோம்.) அந்த டாங்கிகளில் செய்தி அனுப்ப என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? புறா! கூண்டோடு ஏற்றிக்கொண்டு போய், சீட்டைக் கட்டி, ஓட்டை வழியா பறக்கவிட்டார்கள்.

1940-ல் ஜெர்மனி பிரான்ஸுக்குள் புகுந்தபோது, பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றுக்கு ஜெர்மன் டாங்கிகளைவிடத் தடிமனான கவசம் இருந்தது. ரேடியோ மட்டும் பெரும்பாலானவற்றில் கிடையாது. எதிர்ப்பக்கம் இருந்த தளபதி குடேரியனோ, முதல் போரில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். டாங்கிக்கு டாங்கி ரேடியோ வேணும்னு பிடிவாதம் பிடிச்ச மனுஷன். ஆறே வாரத்தில் பிரான்ஸ் விழுந்தது. அதுக்கு ரேடியோ மட்டுமே காரணம்னு சொன்னா வரலாறு டிபார்ட்மென்ட்காரங்க சண்டைக்கு வருவாங்க. ஆனா முக்கியமான காரணங்கள்ல அதுவும் ஒண்ணு. 1941-ல் ரஷ்யாவின் டி-34 டாங்கிகளில்கூட தலைவர் வண்டியில்தான் ரேடியோ. மத்தவங்க அவர் காட்டுற கொடியைப் பார்த்து ஓட்டணும். புழுதியில் கொடி எங்கே தெரியும்?

அப்புறம் எல்லா டாங்கிக்கும் ரேடியோ வந்தது. ஆனாலும் ஒரு சிக்கல். ‘நான் எங்கே இருக்கேன்’னு எனக்கே தெரிஞ்சாத்தானே அதை ரேடியோவில் சொல்ல முடியும்?

பேரே இல்லாத ஊரில் ஒரு சண்டை

1991 பிப்ரவரி. குவைத்தை மீட்கக் கிளம்பிய அமெரிக்கப் படை, இராக்கின் தெற்குப் பாலைவனத்தில் இறங்குகிறது. ஊர் இல்லை, மரம் இல்லை, மைல்கல் இல்லை. பிப்ரவரி 26 அன்று நடந்த மிகப் பெரிய டாங்கி சண்டைக்கு வைக்க ஒரு ஊர்ப் பேர்கூடச் சிக்கவில்லை. வரைபடத்தில் இருந்த ஒரு கோட்டின் எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள்: ‘73 ஈஸ்ட்டிங்’.

மணல் புயலுக்கு நடுவே கேப்டன் எச்.ஆர். மெக்மாஸ்டர் என்பவர் ஒன்பது ஆப்ரம்ஸ் டாங்கிகளோடு ஒரு மேட்டைத் தாண்டினார். எதிரே இராக்கின் குடியரசுக் காவல் படை. 23 நிமிஷம்! இராக் தரப்பில் 28 டாங்கிகள் காலி என்பது கணக்கு. (பின்னாளில், 2017-ல், இதே மெக்மாஸ்டர் டிரம்ப்புக்குப் பாதுகாப்பு ஆலோசகராகி, அடுத்த வருஷமே வெளியே வந்தார். அது தனி சினிமா.)

இந்த வெற்றிக் கதையை அமெரிக்க ராணுவக் கல்லூரிகளில் இன்னைக்கும் பாடமா நடத்துறாங்க. ஆனா அதே போருக்கு இன்னொரு பக்கம் இருக்கு. அந்தப் போரில் சண்டையில் இறந்த அமெரிக்கர்கள் 148 பேர். அதில் 35 பேர் அமெரிக்கக் குண்டிலேயே இறந்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர்! முழுசா அழிந்த ஆப்ரம்ஸ் டாங்கிகள் ஒன்பது. அதில் ஏழை அழித்தது சொந்தப் படை. மிச்சம் இரண்டும் பழுதாகி நின்றதால், எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அவர்களே அழித்தவை. இராக் ராணுவத்தின் ஸ்கோர் இந்தக் கணக்கில் பூஜ்யம்.

எப்படிக் கண்டுபிடிச்சாங்க? துளைபட்ட டாங்கிகளைச் சோதித்தபோது ஓட்டைகளைச் சுற்றி யுரேனியத் தடயம். கவசத்தைத் துளைக்கிற அந்த வகை யுரேனியக் குண்டு இராக்கிடம் கிடையாது. அமெரிக்க டாங்கிகள் சுட்டது அதைத்தான்.

ஏன் இப்படி ஆச்சு? பயந்தாங்கொள்ளிங்க கண்ணை மூடிக்கிட்டு சுட்டாங்கன்னு நினைக்காதீங்க. பிரச்னை டெக்னாலஜியிலேயே இருந்தது. ஆப்ரம்ஸில் இருந்த வெப்பக் கண், இருட்டிலும் புழுதியிலும் சூடான பொருளைக் காட்டும். மூணு கிலோமீட்டர் தள்ளி ‘ஏதோ ஒண்ணு இருக்கு’ என்று சொல்லிவிடும். அது என்ன, யாருடையது என்று சொல்லாது. பச்சை நிறத் திரையில் ஒரு வெளிச்சத் திட்டு, அவ்வளவுதான். அதைவிட மோசம், பீரங்கி குண்டு கண்ணால் அடையாளம் தெரிகிற தூரத்தையும் தாண்டிப் போய்த் துளைக்கும். அதாவது, யாருன்னு தெரியறதுக்கு முன்னாடியே ஆளைக் கொன்னுட முடியும். கண்ணைவிடக் கை நீளம்!

இதுக்கு அப்போ செஞ்ச வைத்தியம் என்ன? வண்டியில் தலைகீழ் ‘வி’ பெயின்ட் அடித்தார்கள். மேலே ஆரஞ்சு துணி விரித்தார்கள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் வரிசையே அப்போது முழுமையாகவில்லை. ராணுவத்திடம் ரிசீவர்கள் பத்தவில்லை. சில சிப்பாய்களுக்கு வீட்டிலிருந்து காசு கொடுத்து வாங்கி அனுப்பினார்கள்.

நீலப் புள்ளி

ஊர் திரும்பிய ஜெனரல்களை அந்த 35 தூங்கவிடவில்லை. 1990-களில் பணத்தைக் கொட்டி ஆரம்பித்தார்கள். ஐடியா ரொம்ப எளிது. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஜி.பி.எஸ்., ஒரு முரட்டு கம்ப்யூட்டர், ஒரு ரேடியோ. ‘நான் இங்கே இருக்கேன்’ என்று வண்டி தானே சொல்லிக்கொண்டிருக்கும். எல்லார் திரையிலும் வரைபடத்தின் மேல் அது நீலப் புள்ளியாகத் தெரியும். எதிரி என்றால் சிவப்பு. அதிலேயே எஸ்.எம்.எஸ். மாதிரி செய்தியும் அனுப்பலாம். மேலதிகாரி விரலால் ‘இப்படிப் போ’ என்று கோடு போட்டால், அந்தக் கோடு கீழே இருக்கிறவர் மேப்பில் வந்து உட்காரும். இதுக்கு அவங்க வெச்ச பேரை மூச்சு விடாமச் சொல்லிப் பாருங்க: ‘ஃபோர்ஸ் ட்வென்ட்டி ஒன் பேட்டில் கமாண்ட் பிரிகேட் அண்ட் பிலோ’. சிப்பாய்கள் புத்திசாலிகள். செயற்கைக்கோள் வழியா வேலை செஞ்ச ரகத்தை ‘ப்ளூ ஃபோர்ஸ் ட்ராக்கர்’னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

இதையெல்லாம் முதலில் முழுசாப் பொருத்திக்கொண்டது டெக்ஸாஸில் இருந்த 4-வது காலாட்படை டிவிஷன். ராணுவத்தின் ‘ஃபர்ஸ்ட் பெஞ்ச்’ மாணவன். 2003-ல் மறுபடி இராக் மீது படையெடுக்க முடிவானதும், இந்த டிவிஷன் துருக்கி வழியா வடக்கிலிருந்து இறங்கணும்னு திட்டம். மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு. ஆதரவு 264, எதிர்ப்பு 250. ஜெயிச்சாச்சுன்னுதானே தோணுது? அதுதான் இல்லை. நடுநிலை வகித்த 19 பேரையும் சேர்த்தால் வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு இல்லை. தீர்மானம் அவுட்! டிவிஷனின் டாங்கிகளும் கம்ப்யூட்டர்களும் கப்பல்களில் மத்தியதரைக் கடலில் மிதந்துகொண்டிருக்க, போர் தொடங்கிவிட்டது. சூயஸ் வழியா சுத்திக்கிட்டு குவைத் வந்து சேர்ந்தபோது பாக்தாத் சண்டை கிட்டத்தட்ட முடிஞ்சே போச்சு. பத்து வருஷம் படிச்சவனுக்கு எக்ஸாம் ஹாலுக்கு பஸ் கிடைக்கலை!

(அந்தப் போரே நியாயமா? பேரழிவு ஆயுதம் இருக்குன்னு சொல்லித்தான் போனாங்க, கடைசிவரை கிடைக்கலை. என் பார்வையில் அது அநியாயப் போர். அதன் விலையைக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி இராக் ஜனங்கள். இந்தக் கட்டுரை அதன் வயரிங்கை மட்டும் பார்க்குது என்பதை மனசில் வெச்சுக்கிட்டு மேலே படிங்க.)

பரீட்சை எழுதியது மற்ற படைகள். அவசர அவசரமா ஆயிரத்துச் சொச்சம் செட்களை மற்ற டிவிஷன்களின் வண்டிகளில் மாட்டினார்கள். வண்டிக்கு வண்டி பேசுகிற ரேடியோ ரகத்துக்கு இடையில் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கணும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவி ஓடுகிற படைக்கு அது சரிப்படாது. அதனால் தகவலை செயற்கைக்கோளுக்கு ஏற்றி இறக்கினார்கள். ஒரு வண்டிக்கு ஒன்று என்ற கதையெல்லாம் இல்லை. தலைவர்கள் வண்டிக்குத்தான் முன்னுரிமை.

வேலை செஞ்சுதா? செஞ்சுது. மார்ச் கடைசியில் எதிரே இருக்கும் வண்டி தெரியாத அளவுக்கு மணல் புயல் அடித்தபோதும், திரையைப் பார்த்து வண்டிகள் நகர்ந்தன. ‘நீ எங்கே இருக்கே, நான் எங்கே இருக்கேன்’ என்று ரேடியோவில் கத்துகிற வேலை குறைந்தது. 

இல்லாதவங்க கதி? மார்ச் 23. பழுது பார்க்கும் பிரிவான 507-வது கம்பெனியின் 18 வண்டிகள், 33 பேர். தொடர் வண்டிகளிலிருந்து பின்தங்கி, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், நேராக நாசிரியா ஊருக்குள் போய்விட்டார்கள். அவர்களிடம் நீலத் திரை கிடையாது. கையடக்க ஜி.பி.எஸ்., ஒரு மேப், அதில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒரு வழி. 11 பேர் இறந்தார்கள். உயிரோடு மீட்கப்பட்டு உலகம் முழுக்க டி.வி.யில் வந்த ஜெசிக்கா லிஞ்ச் இந்தக் கம்பெனிதான். சண்டை போடுகிறவனுக்குத்தான் மேப் தேவை, சாப்பாடும் ஸ்பேர் பார்ட்ஸும் கொண்டு போறவனுக்கு எதுக்கு என்று யோசித்ததன் பலன் அது.

சிவப்புப் புள்ளியை யார் வைப்பது?

இப்போ வர்றதுதான் விஷயமே. நீலப் புள்ளி தானா வரும். ஏன்னா அது நம்ம வண்டி, ஜி.பி.எஸ். இருக்கு, ஒத்துழைக்கும். சிவப்புப் புள்ளி எப்படி வரும்? எதிரி என்ன, ரிசீவர் மாட்டிக்கிட்டு ‘நான் இங்கேதான் ஒளிஞ்சிருக்கேன்’னு சிக்னல் கொடுப்பானா? யாராவது பார்க்கணும். பார்த்தவன், குண்டு மழைக்கு நடுவே, குலுங்குகிற வண்டியில், திரையைத் தொட்டு ‘இங்கே, இத்தனை டாங்கி’ன்னு பதியணும். பத்து நிமிஷத்தில் அந்த டாங்கிகள் நகர்ந்துவிடும். சிவப்புப் புள்ளி மட்டும் அதே இடத்தில் சமர்த்தா உட்கார்ந்திருக்கும்.

2003 ஏப்ரல் 2. பாக்தாதுக்குத் தென்மேற்கே யூப்ரடிஸ் நதியின் மேல் ஒரு பாலம். லெப்டினன்ட் கர்னல் எர்னஸ்ட் மார்கோன் சுமார் ஆயிரம் பேரோடும் முப்பது டாங்கிகளோடும் போய் அதைப் பிடித்தார். தலைக்கு மேலே விமானம், அதற்கும் மேலே செயற்கைக்கோள். உலகத்திலேயே அதிகமா உளவு பார்க்கப்பட்ட நாடு அன்றைக்கு இராக்தான். ஆனால் அன்றிரவு ஆயிரக்கணக்கான இராக் வீரர்கள் டாங்கிகளோடு மூன்று திசையிலிருந்து வந்தது அவருக்கு முன்கூட்டித் தெரியவில்லை. நேருக்கு நேர் முட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. சண்டையில் அவர் ஜெயித்தார். ஆனால் எதிரியைப் பற்றிய தகவல் தனக்கு ஏறக்குறைய எதுவுமே வரவில்லை என்று பின்னால் வெளிப்படையாகவே பேட்டி கொடுத்தார்.

தகவல் இல்லாமலா? மேலிடத்தில் படம் படமாக இருந்தது. அங்கிருந்து கீழே இறக்குகிற குழாய்தான் ஒல்லி. மைக்ரோவேவ் ரேடியோக்கள் ஓடுகிற வண்டியில் வேலை செய்யாது. நிறுத்தி, ஆன்டெனாவைத் தூக்கி, டவுன்லோடு ஆகும்வரை காத்திருக்கணும். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓடுகிற படை எங்கே நிற்கிறது? ஹாஸ்டல் வைஃபையில் படம் டவுன்லோடு பண்ணினவங்களுக்கு அந்த அவஸ்தை புரியும்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்லணும். திரையில் சிவப்பு இல்லைன்னா ‘எதிரி இல்லை’ன்னு அர்த்தம் கிடையாது. ‘யாரும் பதியலை’ன்னுதான் அர்த்தம். ஆனா மனுஷ மூளை அப்படி யோசிக்காது. பளபளன்னு ஒரு மேப், அதில் நீலம் எல்லாம் கரெக்டா இருக்கும்போது, காலியா இருக்கிற இடமும் கரெக்ட்னுதான் நம்பும். பாதி உண்மை சொல்ற மெஷினை முழுசா நம்ப வைக்கிறது அந்தப் பளபளப்புதான்.

சரி, நீலமாவது நூத்துக்கு நூறு நம்பலாமா? அதுவும் இல்லை! அன்றைய ட்ராக்கரில் தரை வண்டி தன் இடத்தை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறையோ, 800 மீட்டர் நகர்ந்த பிறகோதான் புதுப்பிக்கும். கணக்குப் போடுங்க: மணிக்கு 48 கிலோமீட்டரில் போகிற டாங்கி 800 மீட்டரை ஒரே நிமிஷத்தில் தாண்டிவிடும். ஆக நீங்க பார்க்கிற நண்பன், கொஞ்ச நேரத்துக்கு முந்தைய நண்பன். வழி கண்டுபிடிக்க இது தாராளம். சுடலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண இதை வெச்சுக்கவே கூடாது. பின்னால் வந்த ரகங்களில் இந்தத் தாமதத்தை நொடிக்கணக்குக்குக் குறைத்தார்கள். சிவப்புச் சிக்கல் அப்படியே இருந்தது.

அதே மார்ச் 25 இரவு பஸ்ரா பக்கம், இரண்டு படைப்பிரிவுகளின் எல்லை சந்திக்கிற இடத்தில், ஒரு பிரிட்டிஷ் சேலஞ்சர் டாங்கி இன்னொரு பிரிட்டிஷ் சேலஞ்சரைச் சுட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். மறுபடி அதே வெப்பக் கண், அதே வெளிச்சத் திட்டு. 1991-ல் கற்ற பாடம் 2003-ல் எல்லார் வண்டிக்கும் வந்து சேரவில்லை. மூணு நாள் கழித்து, பிரிட்டிஷ் கவச வண்டிகள் மேல் விரித்திருந்த ஆரஞ்சு துணியை ராக்கெட் என்று நினைத்து அமெரிக்க விமானங்கள் சுட்டன. அதில் இன்னொருவர் பலி. 

பிரிட்டன் அடுத்த வருஷம் ‘போமன்’ என்ற தன் சொந்த டிஜிட்டல் ரேடியோவை இறக்கியது. ஆரம்பத்தில் அது படுத்திய பாட்டில், அதன் பேரில் இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் சிப்பாய்கள் ஒரு விரிவாக்கம் கண்டுபிடித்தார்கள். அர்த்தம்: ‘இதுக்கு ஒரு மேப்பும் நோக்கியா போனும் எவ்வளவோ தேவலை!’ பிரிட்டிஷ் நக்கலுக்கு ஈடே கிடையாது.

இன்னொரு கோணமும் உண்டு. டாங்கிகளின் தலைவர்கள் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்ப்பது ரொம்ப பழைய பழக்கம். 1973 போரில் இஸ்ரேலிய டாங்கி கமாண்டர்கள் நிறைய பேர் செத்ததற்கு அதுதான் காரணம். ஆனாலும் அவர்கள் விடவில்லை, வெளியே பார்த்தால்தான் சண்டை புரியும் என்றார்கள். இப்போ திரை வந்து அந்தத் தலையை உள்ளே இழுக்குது. உள்ளே போனா குண்டிலிருந்து தப்பலாம், ஆனா பக்கத்து பொட்டலில் ஆர்.பி.ஜி. வெச்சுக்கிட்டு நிற்கிறவனைத் திரை காட்டாது. எது மேல்? இன்னைக்கு வரைக்கும் ஒத்த பதில் இல்லை.

உக்ரைனில் கதை வேற மாதிரி திரும்பியது. கோடி கோடியா செலவழித்த பெட்டிக்குப் பதிலா, 2014-க்குப் பிறகு தன்னார்வலர்கள் சேர்ந்து ‘க்ரொபிவா’ என்று ஒரு மென்பொருள் எழுதினார்கள். ஓடுவது சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட்டில். சிவப்புப் புள்ளி வைக்க அவர்களிடம் அமெரிக்காவுக்கு 2003-ல் இல்லாத ஒன்று இருந்தது: மேலே பறக்கும் சின்ன ட்ரோன்கள். 2022 போரில் அது பெரிசா கைகொடுத்தது. ஆனா அங்கேயும் புதுத் தலைவலி. எதிரி ஜி.பி.எஸ்ஸையே குழப்புகிறான். அப்புறம், ‘நான் இங்கே இருக்கேன்’ என்று சிக்னல் விடும்போது நண்பனுக்கு மட்டுமா கேட்கும்? அலையைத் தேடுகிற எதிரிக்கும் கேட்கும்.

நம்ம நாட்டுக் கணக்கு? நம்ம ஆவடியில்தான் அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தார்கள், அங்கேயே கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். 2021-ல் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் அங்கே வந்தது. ஆனால் படை முழுவதையும் இணைக்கிற ‘பேட்டில்ஃபீல்டு மேனேஜ்மென்ட் சிஸ்டம்’ திட்டம்? இரண்டு கம்பெனிக் கூட்டணிகளைத் தேர்வு செய்து வேலை ஆரம்பித்து, செலவு தாங்காது என்று 2018-ல் மூடினார்கள். டாங்கி செய்ய ஆள் இருக்கு, அதுங்களைப் பேச வைக்கிற வேலைக்குத்தான் கை கூசியது. ராஜஸ்தான் பாலைவனத்திலும் மைல்கல் கிடையாது என்பதை யாராவது டெல்லியில் ஞாபகப்படுத்தினா தேவலை.

ஈ.சி.ஈ., கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு அலையறீங்களா? நாலு போனை எடுத்து, ஒரே மேப்பில் நாலு நீலப் புள்ளி ஓட வைங்க. ஒரு வாரத்தில் முடிஞ்சுடும். அப்புறம் அஞ்சாவது நண்பனை ‘எதிரி’யாக்கி காலேஜ் கிரவுண்டில் ஓட விடுங்க. பார்க்கிறவங்க ஒவ்வொருத்தரும் சிவப்புப் புள்ளி வைக்கணும். மூணு பேர் பார்த்தா மேப்பில் மூணு எதிரி வந்து நிற்பான். அந்த மூணும் ஒரே ஆள்தான்னு உங்க புரோகிராம் கண்டுபிடிக்கணும். அது ஓடிட்டா, நெட்டை ஆஃப் பண்ணிட்டு மறுபடி விளையாடுங்க.